பிள்ள பெத்த பிறகு வாற டிப்ரெஷன்: தாயும் கைப்பிள்ளையும் திரும்ப ஒட்டிக்கொள்ள வீட்டில என்ன செய்யலாம் (மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி)

பிள்ள பெத்து ஒரு மாதம் ரெண்டு மாதம் போயும் தாயிட முகம் தெளியாட்டி எங்கட ஊரில முதல் வாற கதை "அவளுக்கு பிள்ளையில பாசமில்ல" எண்டதுதான், அடுத்தது கண்ணூறு, அதுக்கும் அடுத்தது "இந்தக் காலத்துப் பொம்புளையளுக்கு ஒண்டும் தாங்காது". மூண்டும் பிழை. எழுவான்கரைப் பக்கம் பிள்ள பெத்த தாய்மாரோட பழகுற வேலை செய்யிறன், டிப்ரெஷன் வந்த ஒரு தாயிலயும் பாசமில்லாமப் போனதை நான் காணல்ல. பாசம் உள்ளுக்க கிடக்கும், ஆனா அது முகத்துக்கும் குரலுக்கும் வந்து சேராது, பிள்ளைக்கோ முகமும் குரலும்தான் தெரியும், பிரச்சினை அங்கதான் கிடக்கு.

உலக சுகாதார நிறுவனத்திட கணக்குப்படி பிள்ள பெத்த பொம்புளையளில நூத்துக்கு 13 பேருக்கு மனநலப் பிரச்சினை வருது, அதில கூட டிப்ரெஷன்தான், எங்களைப் போல வளர்ந்துவாற நாடுகளில அது நூத்துக்கு 20க்கு கிட்ட. அதாவது உங்கட ஒழுங்கையில அஞ்சு வீட்டில இந்த வருசம் பிள்ள பிறந்திருந்தா அதில ஒரு வீட்டில இது இருக்கக்கூடும். இதைத் தாய்க்கு மட்டும் எழுதல்ல, அந்த வளவுக்குள்ள இருக்கிற அம்மம்மா, பெரியம்மா, மச்சாள், புருஷன் எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறன், ஏனெண்டா செய்ய வேண்டியதில பாதி உங்கட கையில.

படி 1: என்ன வந்திருக்கு எண்டு முதல்ல பிரிச்சுப் பாருங்க

பிள்ள பிறந்து மூண்டாம் நாள் அஞ்சாம் நாளளவில காரணமில்லாம அழுகை வாறது, சின்னதுக்கெல்லாம் கோவம் வாறது, இது கனபேருக்கு வரும், ரெண்டு கிழமைக்குள்ள தானாப் போயிரும். இதுக்கு நித்திரையும் சாப்பாடும் ஆறுதலான சொல்லும் போதும்.

ரெண்டு கிழமை தாண்டியும் ஒவ்வொரு நாளும் அதே மாதிரிக் கிடந்தா அது டிப்ரெஷனா இருக்கலாம். அழுகிறது மட்டும்தான் அறிகுறி எண்டு நினைக்காதீங்க. அழாம மரத்துப் போய் இருக்கிற தாய்மார் கூட. பிள்ள படுத்தாலும் தனக்கு நித்திரை வராது, சோறு இறங்காது, "நான் ஒரு நல்ல தாய் இல்ல" எண்ட எண்ணம் விடாமச் சுத்தும், பிள்ளைக்கு ஏதும் நடந்திருமோ எண்ட பயத்தில மூச்சு இரிக்கா எண்டு இரவிரவா எழும்பிப் பாப்பா, இல்லாட்டி பிள்ள அழுதாலும் எழும்ப உடம்பு வராது. சிலபேர் வீட்டு வேலை எல்லாத்தையும் செய்துகொண்டே இருப்பாங்க, சிரிச்சுக் கதைப்பாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு விசயம், பிள்ள பிறந்த பிறகுதான் வரும் எண்டும் இல்ல, வயித்தில இருக்கக்குள்ளயே தொடங்கி வந்தவங்களும் நிறைய.

மூண்டாவது ஒண்டு இரிக்கு, அது வேற, அவசரம். ஆயிரம் பேரில ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வரும், கூடுதலா முதல் ரெண்டு கிழமைக்குள்ள. இரவு பகல் நித்திரையே இல்ல ஆனா களைப்பும் இல்ல, ஒருத்தரும் இல்லாத இடத்தில குரல் கேக்குது, "இது எண்ட பிள்ள இல்ல, மாத்திப் போட்டாங்க" எண்டு சொல்றா, பேச்சு தொடர்பில்லாமப் போகுது. இப்பிடிக் கண்டா விடியட்டும் எண்டு இருக்காதீங்க. தாயையும் பிள்ளையையும் தனிய விடாம, உடனே 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்க, இல்லாட்டி ஓட்டோ பிடிச்சு பெரிய ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டு போங்க. நூல் கட்டுறது, தண்ணி ஓதிக் குடுக்கிறது மனசுக்கு ஆறுதல் எண்டா மறுகா செய்யலாம், முதல் போக வேண்டியது ஹொஸ்பிட்டலுக்கு.

படி 2: தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில என்ன நடக்குது எண்டு விளங்கிக்கொள்ளுங்க

இதை விளங்காட்டி மத்தப் படியெல்லாம் வெறும் புத்திமதியாப் போயிரும், அதால கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

1970களில அமெரிக்காவில எட்வர்ட் ட்ரோனிக் எண்ட உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். தாய் முதல்ல பிள்ளையோட வழமை போல சிரிச்சுப் பேசி விளையாடுவா, மறுகா ஒரு ரெண்டு நிமிசம் பிள்ளையைப் பாத்தபடியே முகத்தை அசைக்காம வச்சிருப்பா. பிள்ள என்ன செய்யும் தெரியுமா, முதல்ல தாயைத் திருப்பிப் பிடிக்கப் பாக்கும், சிரிக்கும், கையை நீட்டும், சத்தம் போடும், ஒண்டுக்கும் பதில் இல்லையெண்டா முகத்தை மத்தப் பக்கம் திருப்பும், உடம்பு தளரும், சில பிள்ளையள் அழும். ஒரு சில மாதப் பிள்ளைக்கே தாயிட முகத்தில இருந்து பதில் வரும் எண்ட எதிர்பார்ப்பு இருக்கு எண்டு இதிலதான் தெளிவாத் தெரிஞ்சது.

டிப்ரெஷன் வந்த தாயிட முகம் வேணுமெண்டு அசையாம இருக்கிறதில்ல, நோய்தான் அப்பிடி ஆக்குது. குரல் தட்டையாப் போகும், பிள்ள "ங்ஆ" எண்டா பதில் வர நேரமெடுக்கும், அதுக்கிடையில பிள்ள வேற பக்கம் பாத்திரும். இப்பிடி ஒதுங்கிப் போறது ஒரு வகை. மத்த வகை இதுக்கு நேர் எதிர்: தாய் பதட்டத்தில பிள்ளையை விடாமத் தட்டுவா, ஆட்டுவா, முகத்தைப் பிடிச்சுத் தன் பக்கம் திருப்புவா, பிள்ள களைச்சுப் போய் ஒதுங்கினாலும் விடமாட்டா. ரெண்டாவது வகையைப் பாக்கிற ஆக்கள் "அவள் நல்லாத்தானே பிள்ளையோட இருக்கிறாள்" எண்டு விட்டிருவாங்க.

இப்ப நான் சொல்லப் போறதை டிப்ரெஷனோட இருக்கிற தாய் ஒருத்தர் வாசிச்சா தயவு செய்து ரெண்டு தரம் வாசிங்க. ஒரு வருத்தமும் இல்லாத தாய்மாரும் பிள்ளையோட முழு நேரமும் ஒத்துப் போறதில்ல. ட்ரோனிக்கும் அவரோட வேலை செய்த ஆக்களும் பாத்ததில, நல்லா இருக்கிற தாயும் பிள்ளையும் முகத்தோட முகம் பாத்து விளையாடுற நேரத்திலகூட ஒத்துப் போறது மூண்டில ஒரு பங்கு அளவுக்குத்தான். மிச்ச நேரமெல்லாம் தவறுறதும் திரும்பச் சேர்றதும்தான். பிள்ளைக்கு வேண்டியது அந்தத் திரும்பச் சேர்றது, தவறாம இருக்கிறது இல்ல. அதால நேத்து முழுக்க உங்களால பிள்ளையைப் பாத்துச் சிரிக்க ஏலாமப் போனாலும் இண்டைக்கு அஞ்சு நிமிசம் பாத்தா அது சேரும்.

படி 3: பிள்ளையை எடுக்காதீங்க, சட்டி பானையை எடுங்க

என்ட கண்ணுக்கு எங்கட பகுதியில கூடப் பிழைக்கிற இடம் இதுதான், அதால இதிலதான் நிறையச் சொல்லப் போறன்.

மட்டக்களப்பு அம்பாறையில தமிழ் வீடெண்டாலும் சரி முஸ்லிம் வீடெண்டாலும் சரி, கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொம்புளை வீட்டுக்கு வாறது, மகளுக்கு வீடு சீதனமாக் குடுத்து, தாயும் அக்கா தங்கச்சிமாரும் ஒரே வளவில இல்லாட்டி அடுத்த வளவில இருக்கிறது. பிள்ள பெத்தவளுக்கு தன்ட தாய் பக்கத்திலயே இருக்கிறது எவ்வளவு பெரிய பலம் எண்டு வேற ஊர்ப் பொம்புளையளைக் கேட்டாத் தெரியும். ஆனா அந்தப் பலம் எப்பிடிப் பாவிக்கப்படுகுது எண்டதைப் பாருங்க.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீடு. பிள்ளைக்கு ரெண்டு மாதம். காலம நல்ல நித்திரை கொண்டு எழும்பி, வயிறு நிறைஞ்சு, கையைக் காலை அடிச்சுக்கொண்டு கிடக்கிற பிள்ளையை அம்மம்மா தூக்கி எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுறா, மூக்கைத் தடவிக் கதை சொல்லுறா, பிள்ள அவட வாயையே பாத்துக்கொண்டு கிடக்கு. மறுகா சின்னம்மாக்காரி வாங்கி முத்தத்தில வச்சுக் கோழியைக் காட்டுறாள், பிள்ள சிரிக்குது, எல்லாரும் சிரிக்கிறாங்க. தாய் உள் அறையில சுவரைப் பாத்துப் படுத்திருக்கிறா. அரை மணித்தியாலத்தால பிள்ளைக்குப் பசி, வீறிட்டு அழுது, உடனே "இந்தா மனே, பாலைக் குடு" எண்டு தாயிட கையில. பிள்ள முறுகி முறுகிக் குடிச்சு நித்திரையாப் போகுது, தாய் திரும்பவும் சுவர்ப் பக்கம்.

ஒருத்தரும் கெட்டது நினைக்கல்ல. அவளுக்கு ஓய்வு குடுக்கிறம் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. ஆனா பிள்ளையிட சிரிப்பு, முழிப்பு, விளையாட்டு முழுக்க மத்த ஆக்களுக்கு, அழுகையும் பசியும் மட்டும் தாய்க்கு. ஏற்கனவே "என்னைக் கண்டா பிள்ள அழுது, அம்மாவைக் கண்டாத்தான் சிரிக்குது" எண்டு நினைக்கிற தாய்க்கு அந்த நினைப்பை ஒவ்வொரு நாளும் நீங்களே உறுதிப்படுத்துறீங்க.

இதைத் தலைகீழா மாத்துங்க. சமையல், தாயிட உடுப்பு, பிள்ளையிட துணி, வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி, பத்தியக் கறிக்குச் சரக்கு அரைக்கிறது, மூத்த பிள்ளையை நேர்சரிக்கு விடுறது, இதெல்லாம் வீட்டாக்கள் எடுங்க. இரவில பால் குடுத்து முடிய ஏவறை விட்டுப் படுக்க வைக்கிறதையும் நீங்க எடுங்க. பிள்ள அழுது தாய்க்கு ஏலாமப் போகுது எண்டா அந்த நேரம் வாங்கித் தோளில போடுங்க. ஆனா பிள்ள வயிறு நிறைஞ்சு தெளிவா முழிச்சுக்கொண்டு கிடக்கிற அந்தப் பத்து இருபது நிமிசத்தை ஒரு நாளைக்கு ரெண்டு தரமாவது தாயிட மடியில விடுங்க. குளிப்பாட்டுறதுக்கு அம்மம்மா தண்ணி கொதிக்க வச்சு, துவாயோட பக்கத்தில நிண்டாப் போதும், கை தாயிட கையா இருக்கட்டும்.

அந்த நேரம் பக்கத்தில நிண்டு "இப்பிடித் தூக்கு, அப்பிடித் தூக்காத" எண்டு சொல்லாதீங்க. "நாங்கெல்லாம் வயல் வேலை செய்துகொண்டு அஞ்சு பெத்தம்" எண்ட கதை வேண்டவே வேணாம். பிள்ள தாயைப் பாத்தா அதைச் சொல்லுங்க: "பாரு புள்ள, நீ கதைக்கக்குள்ள உன்ட வாயையே பாக்கிறான்". டிப்ரெஷன்ல இருக்கிற கண்ணுக்கு இந்தச் சின்னச் சின்னது தெரியாது, இன்னொராள் காட்டினாத்தான் தெரியும்.

புருஷன் கட்டார்ல சவூதியில எண்டா வீடியோ கோல் எடுத்ததும் "பிள்ளையைக் காட்டு, ஏன் மெலிஞ்சு போயிருக்கு" எண்டு தொடங்காதீங்க தம்பிமாரே. முதல் அவட முகத்தைப் பாருங்க. சாப்பிட்டாவா, எத்தனை மணித்தியாலம் படுத்தா எண்டு கேளுங்க, பிள்ளை முழிச்சிருக்கிற நேரம் எடுத்து மூண்டு பேருமாக் கதைங்க. லோன் கட்டுற கதையை அவட தலையில இறக்காம வேற ஆரோடயாவது பேசி முடிங்க.

படி 4: பிள்ளையோட எப்பிடிச் சேர்றது (தாய்க்கு)

சந்தோசம் வந்தாத்தான் விளையாடலாம் எண்டு காத்திருக்க வேணாம், சந்தோசம் பிந்தித்தான் வரும். நடிக்கவும் வேணாம். கீழ சொல்றது எல்லாம் மனசு வெறுமையா இருக்கக்குள்ளயும் செய்யக்கூடியது.

பிறந்த பிள்ளைக்குத் தெளிவாத் தெரியிற தூரம் 20 இருந்து 30 சென்டிமீட்டர், பால் குடுக்கக்குள்ள உங்கட முகம் இருக்கிற தூரம் அதுதான். அதால புதுசா நேரம் தேட வேணாம், பால் குடுக்கிற நேரமே போதும். போனைத் தள்ளி வைங்க, போனைக் குனிஞ்சு பாக்கிற முகமும் பிள்ளைக்கு அசையாத முகம்தான். பிள்ள குடிச்சுக் குடிச்சு நடுவில நிப்பாட்டும், அந்த இடைவெளியில கண்ணைத் திறந்து பாக்கும். அப்ப நீங்களும் பாருங்க. அவ்வளவுதான் முதல் கிழமைக்கு.

அடுத்தது குரல். உங்கட குரலை பிள்ள வயித்துக்குள்ள இருந்தே கேட்டு வந்தது, பிறந்து ரெண்டு மூண்டு நாளைக்குள்ளயே வேற பொம்புளையிட குரலை விடத் தாயிட குரலை விரும்புது எண்டு 1980ல ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. என்ன கதைக்கிறது எண்டு தெரியாட்டி செய்யிறதைச் சொல்லுங்க. "இப்ப உடுப்பு மாத்துவம் என்ன? இந்தக் கையைத் தாங்க. மத்தக் கை எங்க கா? இஞ்ச இரிக்கு." தட்டையாக் கதைக்கிறன் எண்டு தோணினாத் தாலாட்டை எடுங்க, பாட்டெண்டா குரல் தானா ஏறி இறங்கும், அது பிள்ளைக்குப் பிடிச்ச மாதிரியான குரல்.

இதில முக்கியமானது கதைச்சுப் போட்டு நிப்பாட்டுறது. பிள்ள பதில் சொல்ல எங்களை விடக் கனநேரம் எடுக்கும். ஒரு வசனம் சொல்லிட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. பாத்துக்கொண்டே இருங்க: முதல்ல கண் விரியும், வாய் குவியும், நாக்கு கொஞ்சம் வெளிய வரும், ஒரு காலை உதைக்கும், மறுகாதான் சத்தம். அது என்ன செய்ததோ அதையே நீங்களும் திருப்பிச் செய்யுங்க, "ங்ஆ" எண்டா "ங்ஆ". பந்து எறிஞ்சு பிடிக்கிறது போல, ஒரு தரம் அவர், ஒரு தரம் நீங்க. ஆறு எட்டுக் கிழமையளவில முகம் பாத்துச் சிரிக்கத் தொடங்கும், கொஞ்சம் பிந்தினா அது உங்களாலதான் எண்டு எடுக்காதீங்க, குறை மாதத்தில பிறந்த பிள்ளையள் எப்பிடியும் பிந்தும்.

கதைக்கவே தெம்பில்லாத நாள் வரும். அண்டைக்குப் பிள்ளையை நாப்கினோட மட்டும் உங்கட நெஞ்சில போட்டு மேல ஒரு துணியைப் போத்திச் சாஞ்சு இருங்க, உங்கட தோலும் மூச்சும் கதைக்கும். நித்திரை தூங்குற மாதிரி இருந்தா மட்டும் பிள்ளையை பக்கத்தில நிக்கிற ஆளிட கையில குடுத்திருங்க.

படி 5: பிள்ள முகத்தைத் திருப்பினா அது கோவமில்ல

பிள்ளைக்குப் போதும் எண்டா வாயால சொல்லத் தெரியாது. முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், விக்கல் வரும், விரலெல்லாம் விரியும், முதுகை வளைக்கும். டிப்ரெஷன்ல இருக்கிற தாய் இதை "என்னை வேணாம் எண்டுது" எண்டு படிச்சிருவா, அந்த இடத்தில மனசு ஒடிஞ்சு ஒண்டில் பிள்ளையை வச்சிட்டு எழும்பிருவா, இல்லாட்டி திருப்பி இழுத்து விளையாட்டுக் காட்டப் பாப்பா. ரெண்டும் வேணாம். பேசாம அப்பிடியே இருங்க. கொஞ்ச நேரத்தால பிள்ள தானாக் கிறுகிப் பாக்கும், அப்ப மெதுவா "வந்திட்டிங்களா" எண்டு தொடங்குங்க.

பின்னேரத்தில விடாம அழுற பிள்ளைக்கு நீங்கதான் காரணம் எண்டும் எடுக்காதீங்க, கூடுதலான பிள்ளையளுக்கு ஆறு கிழமையளவில அழுகை உச்சத்துக்குப் போய் மறுகா குறையும். ஏலாமப் போனா, கையில கோவம் ஏறினா, பிள்ளையைப் பாதுகாப்பாப் படுக்க வச்சிட்டு வெளிய வந்து தண்ணி குடிச்சு, ஒராளைக் கூப்பிடுங்க. பிள்ளையைக் குலுக்கவே கூடாது.

படி 6: நித்திரை

ஒரு துண்டு நித்திரையாவது நாலஞ்சு மணித்தியாலம் முறியாம வேணும். பால் குடுத்து முடிஞ்ச கையோட தாயைப் படுக்க விட்டு, அடுத்த பசி வரைக்கும் பிள்ளையை வேற அறையில வேற ஆள் பாக்கட்டும், தேவையெண்டா பாலை எடுத்து வச்சுக் கோப்பையால பருக்கலாம், எப்பிடி எண்டு மிட்வைஃப் மிஸ் காட்டித் தருவா. பிள்ள பாக்க வாற ஆக்களைப் பகலில படுக்கிற நேரம் வாசலோட அனுப்புங்க, கோவிச்சாலும் பரவாயில்ல.

படி 7: எங்க போறது, என்ன கேப்பாங்க

வீட்டில செய்யிறது மட்டும் காணாது. தாயிட வருத்தத்துக்கு வைத்தியமும் வேணும். அதே மாதிரி வைத்தியம் எடுத்து டிப்ரெஷன் குறைஞ்சாலும் பிள்ளையோட சேர்ற பழக்கம் சில நேரம் தானா வராது, ரெண்டும் சேந்து நடக்கணும்.

முதல் ஆள் உங்கட மிட்வைஃப் மிஸ்தான். பிள்ள பிறந்து முதல் பத்து நாளைக்குள்ளயும் மறுகாயும் வீட்டுக்கு வருவா. வரக்குள்ள நிறை, பால், தொப்புள் எண்டு பிள்ளையிட கதையிலயே நேரம் முடிஞ்சிரும், அதால நீங்களா "மிஸ், எனக்கு மனசு சரியில்ல" எண்டு சொல்லுங்க. அம்மாவுக்கு முன்னால சொல்ல ஏலாட்டி படலை வரைக்கும் கூடப் போய்ச் சொல்லுங்க. 10 கேள்வி உள்ள ஒரு தாளைத் தரலாம், எடின்பரோ எண்டு சொல்லுவாங்க, 1987ல வந்தது, கடைசி 7 நாள் எப்பிடி இருந்தது எண்டுதான் கேக்கும். புள்ளி கூட வந்தா "பைத்தியம்" எண்டு அர்த்தமில்ல, டொக்டரோட ஒரு தரம் இருந்து கதைக்கணும் எண்டதுதான். கடைசிக் கேள்வி, தனக்கே தீங்கு செய்யிற எண்ணம் வந்ததா எண்டது. அதை மறைக்காதீங்க. அந்த எண்ணம் இருந்தா அண்டைக்கே உதவி வேணும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில இருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவாங்க, கடிதம் இல்லாமலும் போகலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இரிக்கு. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து ஆக்கள் கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையில மனநல கிளினிக் எந்த நாள் எண்டு கேட்டுப் போங்க. படுவான்கரையில பஸ் குறைஞ்ச இடங்களில இருந்து வாறவங்க முதல்ல 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்திட நம்பர். புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறார் எண்டா அதையும் வருத்தத்தோட சேத்துச் சொல்லணும், 1938 பெண்களுக்கான நம்பர், பெரிய ஹொஸ்பிட்டல்களில நட்பு நிலையம் எண்டு இதுக்கெண்டே ஒரு இடம் இரிக்கு.

டொக்டர் இரத்தம் சோதிக்கச் சொல்லலாம், இரத்தச்சோகையும் தைரொயிட் பிரச்சினையும் இதே மாதிரிக் களைப்பைத் தரும். குளிசை தந்தா "பால் குடுக்கிறன்" எண்டு முதல்லயே சொல்லுங்க, பால் குடுக்கக்குள்ள எடுக்கக்கூடிய குளிசையள் இரிக்கு, சேர்ட்ரலின் போல, பாலுக்குள்ள போறது மிகக் குறைவு. வேலை செய்ய ரெண்டில இருந்து ஆறு கிழமை எடுக்கும், சுகமான பிறகும் மாதக்கணக்கில எடுக்கச் சொல்லுவாங்க, நீங்களா நிப்பாட்டாதீங்க.

கதைச்சுச் சுகப்படுத்துறதும் வேலை செய்யும். பாகிஸ்தானில அதிஃப் ரஹ்மான் எண்ட மனநல வைத்தியரிட குழு, எங்கட மிட்வைஃப் போல வீடு வீடாப் போற சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி குடுத்து, கிராமத்துத் தாய்மாரோட கதைக்க விட்டாங்க. 2008ல வந்த முடிவு: ஆறு மாதத்தில அந்தத் தாய்மாரில டிப்ரெஷன் மிச்சமிருந்தது நூத்துக்கு 23 பேருக்கு, அந்தப் பயிற்சி இல்லாத ஊழியர்கள் போன தாய்மாரில நூத்துக்கு 53 பேருக்கு. பெரிய மெஷினும் இல்ல, பெரிய டொக்டரும் இல்ல, ஒரு பொம்புளை இன்னொரு பொம்புளையிட வீட்டுத் திண்ணையில இருந்து ஒழுங்காக் கேட்டதும் ஒழுங்காச் சொன்னதும்தான். அப்பிடிக் கேக்க உங்கட வளவுக்குள்ளயே ஆள் இருப்பாங்க.

எவ்வளவு காலம், மறுகா என்ன

ஒரு கிழமையில மாறாது. பிள்ளையிட பக்கம்தான் முதல்ல மாற்றம் தெரியும்: கூடுதலாப் பாக்கும், தாயிட குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பும், அதுக்குப் பிறகுதான் தாய் "இண்டைக்கு கொஞ்சம் பரவாயில்ல" எண்டுவா, நடுவில திரும்பவும் விழுற நாள் வரும். நாலஞ்சு மாதத்திலயும் பிள்ள ஒருத்தர் முகத்தையும் பாக்காம, சிரிக்காம, சத்தத்துக்குத் திரும்பாம இருந்தா தாயிட டிப்ரெஷனால எண்டு நீங்களா முடிவெடுக்காம பிள்ளையிட வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கிளினிக்கில காட்டுங்க, காது கண்ணையும் பாக்கணும்.

ஒரு தரம் வந்தவங்களுக்கு அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்புக் கூட. அதால அடுத்தது தங்கினா முதல் கிளினிக்கிலயே "போன தரம் எனக்கு இப்பிடி வந்தது, இந்தக் குளிசை எடுத்தன்" எண்டு சொல்லி கொப்பியில எழுத வையுங்க, அந்தக் கதையை அம்மாவுக்கும் புருஷனுக்கும் அப்பவே சொல்லி இரவில ஆர் எழும்புறது, சமையல் ஆர் பாக்கிறது எண்டு பிள்ள பிறக்க முதலே பேசி வையுங்க.